சிற்றலை வானொலியில் 18.2 கிலோஹெர்ட்ஸ் கேட்க வழி உண்டா?

நாஞ்சில்வாசி (நாகர்கோவில்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் டெக்சன் பி.எல்.660 வானொலி ஒன்று இருக்கிறது. சிற்றலையில் 1711 முதல் 29,999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளியின்றி எடுக்கிறது, எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியும் உண்டு. ஆனால் நெட்டலைப் பிரிவில் 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எண்ணே இறங்குவதில்லை. எனக்கு வேண்டியதோ அதற்கும் வெகு கீழே இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் விஜயநாராயணம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக 1990-இல் அங்கே தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக்குறியோடு 18.2 கிலோஹெர்ட்ஸில் அலை பரப்புகிறது. அந்த உயரமான கோபுரங்களைச் சிறு வயதிலிருந்தே தொலைவில் நின்று பார்த்து வருகிறேன். அதில் போகும் செய்தி மறைகுறியிடப்பட்டது என்பதும், அதை அறிவது நமக்கு வேண்டாத வேலை என்பதும் எனக்குத் தெரியும். அந்த அலை என் பெட்டிக்குள் வந்து சேர்கிறதா என்று கேட்க வேண்டும், சூரிய உதயத்தின்போதும் மறைவின்போதும் அதன் வலிமை எப்படி ஏறி இறங்குகிறது என்று குறித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்து ஏதேனும் டையோடையோ ஜம்பரையோ வெட்டினால் வரம்பு கீழே இறங்குமா? அல்லது தனியாக ஒரு கன்வர்ட்டர் (அதிர்வெண்ணை மாற்றித் தரும் கருவி) கட்டித்தான் ஆக வேண்டுமா? மொட்டைமாடியில் சிற்றலைக்காகக் கட்டிய 15 மீட்டர் கம்பி ஒன்று இருக்கிறது. அதுவே போதுமா என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பழைய வால்வு (மதுரை):

வணக்கம் நண்பரே. முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: வெட்டாதீர்கள். திரையில் 18 என்ற எண் வந்துவிட்டால் 18 கிலோஹெர்ட்ஸ் கேட்கும் என்பதில்லை. உங்கள் பெட்டியில் நெட்டலைக்கு உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஏரியல். அதில் சுற்றியிருக்கும் சுருள் நூற்றுக்கு மேற்பட்ட கிலோஹெர்ட்ஸுக்காக அமைக்கப்பட்டது. 18-க்கு வரும்போது அது கிட்டத்தட்டச் செவிடு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முதல் மிக்சரில், அதாவது இரண்டு அலைகளைக் கலக்கும் பகுதியில், இருக்கிறது. இக்காலத்துச் சிற்றலைப் பெட்டிகள் பெரும்பாலும் வரும் அலையை முதலில் ஐம்பது மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு உயர்த்திய பிறகே வடிகட்டுகின்றன. நீங்கள் 10 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் (கலப்பதற்கான அலையை உண்டாக்கும் பகுதி) அந்த வடிகட்டியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது, ஆகவே தொல்லை இல்லை. 18 கிலோஹெர்ட்ஸ் கேட்க முயன்றாலோ, அதே ஆஸிலேட்டர் வடிகட்டியின் வாசலுக்கு வெறும் 18 கிலோஹெர்ட்ஸ் தூரத்தில் வந்து நிற்கும். அதன் கசிவும் இரைச்சலும் நேரே உள்ளே நுழைந்து பெட்டியை அமுக்கிவிடும். கீழ் எல்லையைத் தயாரிப்பாளர்கள் 100 அல்லது 150 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஐக்காம் ஐ.சி.-ஆர்75 போன்ற மேசைப் பெட்டிகள் 30 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்குகின்றன என்றாலும் உங்களுக்கு வேண்டியது அதற்கும் கீழே.

ஆகவே கன்வர்ட்டர்தான். இதன் தத்துவம் எளியது. 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை வைத்து ஆஸிலேட்டர் ஓட்டி, அதனோடு ஏரியலில் வரும் அலையை மிக்சரில் கலந்தால், 0 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள எல்லாம் 4000 முதல் 4500 கிலோஹெர்ட்ஸுக்குள் வந்து உட்காரும். 18.2 வேண்டுமானால் 4018.2, சீனாவின் பி.பி.சி. (BPC) நேரக்குறி நிலையத்தின் 68.5 வேண்டுமானால் 4068.5; ஜப்பானின் ஜே.ஜே.ஒய். நேரக்குறி நிலையத்தின் 40 வேண்டுமானால் 4040. கூட்டலுக்குக் காகிதம்கூட வேண்டாம். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

மிக்சருக்கு எஸ்.ஏ.612 என்ற எட்டுக் கால் ஐ.சி. போதும். ஆஸிலேட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. 6-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையில் கிரிஸ்டலையும், 6, 7-ஆம் கால்களில் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்களையும் போட்டால் ஓடத் தொடங்கிவிடும். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் 4.5-இலிருந்து 8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் 9 வோல்ட் பேட்டரியை நேரே கொடுக்காமல், நடுவே 78எல்06 ரெகுலேட்டர் ஒன்றை வைத்துவிடுங்கள். அடாப்டர் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். நீங்கள் கேட்க விரும்பும் இடத்தில்தான் அடாப்டரின் இரைச்சலும் குடியிருக்கிறது.

மிக்சருக்கு முன்னால் வடிகட்டி இல்லாமல் யாராவது வரைபடம் கொடுத்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் பகுதியில் திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸிலும், இலங்கையை நோக்கி ஒலிபரப்பும் 200 கிலோவாட் தூத்துக்குடி நிலையம் 1053 கிலோஹெர்ட்ஸிலும் இருக்கின்றன. எஸ்.ஏ.612 நுண்ணுணர்வு மிக்கது, ஆனால் பலத்த அலையைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. இந்த இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் அவற்றின் வித்தியாசமான 144 கிலோஹெர்ட்ஸில் ஒரு பொய் நிலையம் பிறக்கும். 4144-இல் இரண்டு நிகழ்ச்சிகளும் குழம்பிக் கேட்கும். நூறுக்குக் கீழே மட்டும் கேட்பதானால் 150 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் வடிகட்டி போதும்: தரைக்கு ஒரு 22 நானோஃபாரட், தொடரில் 100 மைக்ரோஹென்றி காயில், மீண்டும் தரைக்கு 22 நானோஃபாரட். இது 50 ஓம் கணக்கு. ஐ.சி.யின் உள்ளீடு ஏறத்தாழ 1500 ஓம் என்பதால், வடிகட்டியின் முடிவில் தரைக்கு 56 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட மறக்கக் கூடாது. போட்டால் 1053-இல் ஏறத்தாழ 50 டெசிபெல் குறையும்.

கன்வர்ட்டரை உலோகப் பெட்டிக்குள் வைத்து, வெளியீட்டைக் கவசக் கம்பி மூலம் வானொலியின் வெளி ஏரியல் துளைக்குக் கொண்டு போங்கள். கவசம் சரியில்லை என்றால் 4 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயல்பாக வரும் சிற்றலை நிலையங்களும் கூடவே நுழைந்துவிடும். எஸ்.எஸ்.பி.யில் மேல் பக்கத்தைத் தேர்ந்து 4017-இல் வைத்தால் 18.2 ஏறத்தாழ 1200 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்க வேண்டும். கேட்பது சீட்டி ஒலியாக இருக்காது. கரகரவென்று வேகமாக நடுங்கும் ஒலியாக இருக்கும்.

---

அலைநீளம் (கோயம்புத்தூர்):

மேலே ஐயா சொன்ன கன்வர்ட்டர் சரியான வழி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் நோக்கத்தைப் பார்த்தால், அவருக்கு அது தேவைதானா என்ற ஐயம் எழுகிறது. அவருக்கு அலையின் வலிமையைக் குறித்து வைக்க வேண்டும். சிற்றலைப் பெட்டிக்குள் இருக்கும் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, பலமான அலையையும் மெலிந்த அலையையும் ஒரே அளவாக்கிக் கொடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. நாம் எதை அளக்க நினைக்கிறோமோ அதை அது அழித்துவிடும்.

18.2 கிலோஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதின் எல்லைக்கு ஒட்டிய எண். ஒரு மடிக்கணினியின் ஒலி அட்டை விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள எதையும் அது நேரடியாகப் பதிவு செய்துவிடும். கலக்க வேண்டாம், உயர்த்த வேண்டாம், கிரிஸ்டல் வேண்டாம். மைக் துளையில் ஒரு சுருளைச் செருகி, ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் போதும். வலிமையை நாள் முழுக்கக் கோட்டுப் படமாகவும் அதுவே வரைந்து கொடுக்கும்.

சுருளின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுர மரச் சட்டத்தில் சாதாரண எனாமல் கம்பியை 50 சுற்றுச் சுற்றினால் தூண்டல் ஏறத்தாழ 7 மில்லிஹென்றி வரும். அதனோடு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இணையாகப் போட்டால் 18 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஒத்திசையும். சற்று ஏறலாம், சற்று இறங்கலாம். சிறு கெப்பாசிட்டர்களைக் கூட்டியும் குறைத்தும் திரையில் இரைச்சலின் மேடு எங்கே எழும்புகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். மைக் துளையில் இரண்டு மூன்று வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும் என்பதால், சுருளை நேரே இணைத்தால் அது குறுக்குச்சுற்று ஆகிவிடும். ஆகவே தொடரில் 1 மைக்ரோஃபாரட் ஒன்று அவசியம்.

உங்கள் 15 மீட்டர் கம்பியைப் பற்றி: 18.2 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ பதினாறரை கிலோமீட்டர். அதற்கு முன்னால் 15 மீட்டரும் ஒன்றுதான், ஒன்றரை மீட்டரும் ஒன்றுதான். அந்தக் கம்பி அலையைப் பிடிப்பதைவிட, வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் மின்புல இரைச்சலைத்தான் அதிகம் பிடிக்கும். சுருள் காந்தப்புலத்தைப் பிடிப்பதால் இந்தத் தொல்லை குறைகிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் குறித்து வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாகர்கோவிலிலிருந்து விஜயநாராயணம் மிகவும் அருகில் இருக்கிறது. உங்களை வந்தடைவது பெரும்பாலும் தரையோடு தவழ்ந்து வரும் அலை. அதற்கு உதயமும் மறைவும் ஒரு பொருட்டே இல்லை. வானில் பட்டுத் திரும்பும் அலையில்தான் அந்த மாற்றம் தெரியும். பகலில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்தில் திரும்பும் அலை இரவில் 85, 90 கிலோமீட்டருக்கு மேலே போய்த் திரும்புகிறது. சூரியத் தீப்பிழம்பின் எக்ஸ் கதிர்கள் தாக்கும்போது பகலிலேயே அந்த உயரம் சட்டென்று இறங்குகிறது. 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் பல ஊர்களில் கருவிகளை வைத்து இதே வி.டி.எக்ஸ். அலையைத்தான் அளந்தார்கள். கொல்கத்தா அங்கிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். அருகில் இருப்பவருக்குக் கோபுரம் தெரியும்; வானத்தின் வேலை தொலைவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே நீங்கள் குறித்து வைக்க வேண்டியது ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் இருக்கும் என்.டபிள்யூ.சி. நிலையத்தை. அது 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெகாவாட் வரை வலிமையோடு பரப்புகிறது. உங்களுக்கு ஏறத்தாழ 5200 கிலோமீட்டர். ஜப்பானின் ஜே.ஜே.ஐ. 22.2-இல் இருக்கிறது, ஆனால் சில ஒலி அட்டைகள் 20-க்கு மேலே மங்கத் தொடங்கிவிடும்.

---

பாக்குநீரிணை (யாழ்ப்பாணம்):

வணக்கம். இருவரும் சொன்னவற்றில் எதையும் மறுக்கவில்லை. இரைச்சலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்த மீடிறன்களில் (அதிர்வெண்களில்) ஆட்கள் மனம் சலித்துப் போவது அதனால்தான்.

முதலில் உங்கள் வீட்டைச் சோதியுங்கள். சுருளை இணைத்து மென்பொருளை ஓடவிட்ட பின்னர், வீட்டின் பிரதான ஆளியை (மெயின் சுவிட்சை) ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மடிக்கணினி மின்கலத்தில் ஓடட்டும். திரையில் நிற்கும் கோடுகளில் பாதி மறைந்தால், மறைந்தவை எல்லாம் உங்கள் வீட்டுப் பொருட்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம். எல்.ஈ.டி. மின்குமிழ், கைப்பேசி சார்ச்சர், இன்வேர்ட்டர், இணைய ரூட்டரின் அடாப்டர் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். முன்னர் குழாய்த் தொலைக்காட்சிகள் 15.625 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தன. அவை போய்விட்டன, ஆனால் அவற்றுக்குப் பதிலாக வந்தவை அதைவிட மோசம்.

உண்மையான நிலையத்தையும் வீட்டு இரைச்சலையும் வேறுபடுத்தி அறிவது கடினமல்ல. அடாப்டரின் கோடு சற்று நேரத்தில் மெல்ல நகரும், அல்லது சுமை மாறும்போது துள்ளும். கடற்படை நிலையங்கள் செய்தியை விநாடிக்கு 200 குறிகள் என்ற வேகத்தில் அனுப்புவதால், அவை ஒல்லியான கோடாக வராமல், ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு மேடாக வரும். அந்த மேடு எள்ளளவும் நகராமல் 18.2-ஐ நடுவில் வைத்து நின்றால் ஐயமே வேண்டாம்.

சுருளை வீட்டுக்குள் வைக்காதீர்கள். மடிக்கணினியிலிருந்து குறைந்தது நான்கு மீற்றர் தள்ளி, மரத்தடியிலோ வேலியோரத்திலோ வைத்துக் கவசக் கம்பியால் கொண்டு வாருங்கள். உயரம் தேவையில்லை, நிலத்தில் நின்றாலே போதும். இது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். சிற்றலையில் பழகியவர்கள் ஏரியலை உயர்த்துவதிலேயே குறியாக இருப்பார்கள். இந்த அலைகள் கடல்நீருக்குள்ளேயே சில மீற்றர் ஆழம் இறங்குபவை. 18 கிலோஹேர்ட்ஸில் ஒவ்வொரு 1.9 மீற்றருக்கும் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்ற கணக்கோடுதான் நீர்மூழ்கிகள் கேட்கின்றன. உங்கள் வீட்டுச் சுவர் அதற்கு ஒரு தடையல்ல.

இன்னொன்று, மின்னல். இதை எந்த வடிகட்டியாலும் தடுக்க முடியாது, ஏனெனில் மின்னலின் வலிமை அதிகமாக இருப்பதே இந்த மீடிறன்களில்தான். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் அடிக்கும் இடியும் படபடவென்று கேட்கும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலுக்குப் பிறகு பொறுமையைச் சோதிக்கும். விடியற்காலையில் தொடங்குவது நல்லது. இடி அருகில் வந்தால் சுருளைக் கழற்றிவிடுங்கள்.

---

நாஞ்சில்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கோவை நண்பர் சொன்னபடி சட்டம் செய்து சுற்றிவிட்டேன். பழைய மின்விசிறி மோட்டாரில் கழற்றிய கம்பிதான். 0.01-க்கு மேடு 17-க்குக் கீழே நின்றது, ஆகவே கெப்பாசிட்டரை 8200 பிக்கோஃபாரடாகக் குறைத்தேன், சரியாக வந்தது. வி.டி.எக்ஸ். திரையில் சுவர்போல நிற்கிறது. சுருளைத் தரையில் கிடத்தினால்கூடத் தெரிகிறது. உதயத்தின்போது அது அசையவே இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன்.

இப்போது 19.8-இல் மங்கலாக ஏதோ இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே இருக்கும் 18.2 அதன் மேல் வழிகிறது. ஒலி அட்டை தாங்காமல் திணறுவதாகத் தோன்றுகிறது. மைக் அளவைக் குறைத்தால் 19.8-உம் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இதற்கு வடிகட்டி போடுவதா? கன்வர்ட்டர் கட்டினால் இது தீருமா?

---

பழைய வால்வு (மதுரை):

கன்வர்ட்டர் இதைத் தீர்க்காது. அதன் மிக்சரும் இதே சுவரில்தான் முட்டும். 1.6 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரிக்கும் வடிகட்டியைக் காயிலால் செய்வதும் எளிதல்ல. ஆனால் உங்கள் ஊர் அமைந்திருக்கும் இடம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் தளம் எந்தத் திசையை நோக்கி நீள்கிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலையைச் சுருள் முழுதாகப் பிடிக்கும். தளத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து வருவதை அறவே விட்டுவிடும். நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் விஜயநாராயணம் வடகிழக்கில் இருக்கிறது. எக்ஸ்மவுத் தென்கிழக்கில், வடக்கிலிருந்து ஏறத்தாழ 130 பாகையில் இருக்கிறது. சட்டத்தின் தளத்தை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நிறுத்தினால் வடகிழக்கு அலை மடியும், ஆஸ்திரேலிய அலை கிட்டத்தட்ட முழு வலிமையோடு நிற்கும். உங்களைத் தவிர வேறு ஊர்க்காரர் பலருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்காது.

மடியும் கோணம் மிகவும் குறுகலானது. சுருளின் உச்சம் அகலமாக இருக்கும், பத்துப் பாகை திருப்பினாலும் வேறுபாடு தெரியாது. மடிப்போ ஒரு பாகை தவறினாலும் போய்விடும். சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, 18.2-இன் மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்லத் திருப்புங்கள், அது மிகத் தாழ்ந்த இடத்தில் அடியில் கல்லை வைத்து அசையாமல் நிறுத்திவிடுங்கள். முழுதாக மடியவில்லை என்றால் சட்டத்தை ஒரு பக்கம் சற்றே சாய்த்துப் பாருங்கள். அருகில் இரும்புக் கதவோ ஆழ்துளைக் கிணற்றுக் குழாயோ இருந்தாலும் மடிப்பு கலங்கும், அப்படியானால் இடத்தை மாற்றுங்கள்.

பிறகு கெப்பாசிட்டரை 7000 பிக்கோஃபாரட் அளவுக்குக் குறைத்து ஒத்திசைவை 19.8-க்கு நகர்த்துங்கள். அதன் பின்னர்தான் மைக் அளவை ஏற்ற வேண்டும்.

கன்வர்ட்டரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். 40-உம் 68.5-உம் சாதாரண ஒலி அட்டைக்கு எட்டாதவை. அவற்றுக்கு உங்கள் டெக்சன்தான் வேண்டும். அந்த நிலையங்களின் விநாடிக் குறிகளை எண்ண முடிகிறதா என்று நள்ளிரவுக்குப் பிறகு 4068-ஐச் சுற்றித் தேடிப் பாருங்கள். அதற்கு இதே சட்டத்தில் 50 சுற்று ஆகாது, 15 சுற்றில் இன்னொன்று தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.